எக்ஸ் கிடைத்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டினாள். இருசமவெட்டி, அதாவது கோணத்தை இரண்டு சம பாதிகளாக வெட்டும் கோடு, ஒரு கோணத்தைப் பிரிக்கிறது; ஒரு பாதி 3எக்ஸ் + 10, மறுபாதி 5எக்ஸ் − 14. முழுக்கோணம் எவ்வளவு? இரண்டையும் சமன்படுத்தி எக்ஸ் = 12 என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். அதன் கீழே "விடை 12 டிகிரி" என்று எழுதி முடித்துவிட்டாள். படத்தில் இருந்ததோ செங்கோணத்தைவிடச் சற்று விரிந்த கோணம்! 12ஐ மறுபடி உள்ளே போட்டால் ஒவ்வொரு பாதியும் 46, முழுசு 92.

கணக்கு தெரியாத பிள்ளை இல்லை அவள். கேள்வி என்ன கேட்டது என்பதைக் கடைசியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. பாதி 2எக்ஸ் + 12, முழுக்கோணம் 7எக்ஸ் − 6 என்று கொடுத்தால், 'இருசமவெட்டி' என்ற சொல்லைப் பார்த்ததுமே பலர் இரண்டையும் சமன்படுத்திவிடுகிறார்கள். எக்ஸ் 3.6 வருகிறது; பாதியும் 19.2, முழுசும் 19.2. ஒரு ரொட்டியும் அரை ரொட்டியும் ஒரே அளவாக இருக்குமா? பாதியை இரண்டால் பெருக்கினால்தான் முழுசு: 2(2எக்ஸ் + 12) = 7எக்ஸ் − 6. எக்ஸ் = 10, பாதி 32, முழுசு 64. இங்கேயும் சிலர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 12ஐப் பெருக்க மறந்து 4எக்ஸ் + 12 என்று எழுதுகிறார்கள். எக்ஸ் 6 வரும், பாதி 24, முழுசு 36. சரிபார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

அப்புறம், எக்ஸ் குறை எண்ணாக வந்தால் பயந்துபோய் அழித்துவிடுவது. 20 − 3எக்ஸ், 2எக்ஸ் + 45 இரண்டும் சமம் என்றால் எக்ஸ் = −5. கோணமோ 35, எந்தக் குறையும் இல்லை. கோணம்தான் குறை எண்ணாக வரக் கூடாது, எக்ஸ் வரலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2008 முதல் 2013 வரை இங்கே மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதியவர்களுக்கு யூக்ளிட் வடிவியல் விருப்பப்பாடமான மூன்றாம் தாளில்தான் இருந்தது. அதனால் உங்களில் பலர் அதைத் தொட்டே இருக்க மாட்டீர்கள். 2014இல் அது கணிதம் எடுக்கும் எல்லோருக்கும் உரிய இரண்டாம் தாளுக்குத் திரும்பியது. இப்போது அதில் 150 மதிப்பெண்ணில் கணிசமான பங்கு வடிவியலுக்குத்தான். அங்கே வெறும் விடை போதாது, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுத வேண்டும். "ஏன் சமம்?" என்று வீட்டில் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இருசமவெட்டி என்றால் என்னவென்று பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லையா? ஒரு தாளில் கோணத்தை வரைந்து, ஒரு கரம் இன்னொரு கரத்தின்மேல் படியும்படி மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கோடுதான் இருசமவெட்டி.

அது பிடித்துவிட்டால் அடுத்த தாளில் ஒரு நேர்கோடு, அதன்மேல் ஒரு புள்ளியிலிருந்து சாய்வாக ஒரு கதிர். இரண்டு பக்கக் கோணங்களையும் தனித்தனியே மடிக்கட்டும். சாய்வை எப்படி மாற்றினாலும் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே செங்கோணமே வரும். பாதிகளை எக்ஸ், ஒய் என்று வைத்து 2எக்ஸ் + 2ஒய் = 180 என்று எழுதினால் எக்ஸ் + ஒய் = 90. போன வாரம் 12 என்று எழுதிய அதே பெண் இதைத் தானே எழுதிக் காட்டினாள், காரணத்தோடு.