அமெரிக்க அரசமைப்பின் 19ஆவது திருத்தம்: பெண் வாக்குரிமை விதி உண்மையில் சொல்வது என்ன?

அமெரிக்கப் பெண்களுக்கு 1920இல் வாக்குரிமை வழங்கப்பட்டது என்று பொது அறிவு நூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த உரிமைக்கு ஆதாரமான 19ஆவது திருத்தத்தைப் படித்துப் பார்த்தால், அதில் வழங்குவது என்ற பேச்சே இல்லை. அமெரிக்கக் குடிமக்களின் வாக்களிக்கும் உரிமையைப் பாலினத்தைக் காரணம் காட்டி மத்திய அரசோ எந்த மாநிலமோ மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்பது அதன் முதல் வாக்கியம். இதைத் தக்க சட்டங்களின் மூலம் செயல்படுத்தும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உண்டு என்பது இரண்டாவது வாக்கியம். திருத்தம் அவ்வளவுதான். வாக்களிக்க விடாமல் தடுப்பதற்கு மாநிலங்கள் சொல்லிவந்த காரணங்களுள் ஒன்றை மட்டும் அது செல்லாததாக்கியது. வேறொரு காரணம் சொல்லி ஒரு பெண்ணை வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பினால், இந்தத் திருத்தம் அவருக்குத் துணை வராது.

இப்படி எழுதப்பட்டதற்கு அந்நாட்டு ஏற்பாடே காரணம். யார் வாக்களிக்கலாம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு தொடக்கம் முதலே மாநிலங்களிடம் இருந்தது. அதனால்தான் நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் 1776க்குப் பின் வாக்களிக்கவும், 1807இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதைப் பறிக்கவும் முடிந்தது. 1848இல் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் எலிசபெத் கேடி ஸ்டான்டன், லுக்ரீஷியா மாட் ஆகியோர் கூட்டிய மாநாட்டில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்ட அறிக்கை வாக்குரிமையை வெளிப்படையாகக் கோரியது. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், வாக்காளரைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘ஆண்’ என்ற சொல்லை முதன்முறையாக அரசமைப்புக்குள் கொண்டுவந்தது. 1870இல் வந்த 15ஆவது திருத்தம் இனம், நிறம், முன்னாள் அடிமை நிலை ஆகியவற்றின் பேரில் வாக்கை மறுக்கக் கூடாது என்று சொல்லி, பாலினத்தைச் சொல்லாமல் விட்டது.

எனினும் அதே 14ஆவது திருத்தம் நாட்டில் பிறந்து அதன் சட்ட ஆளுகைக்கு உட்பட்ட அனைவரையும் குடிமக்கள் என்று அறிவித்திருந்ததால், குடிமகள் என்றால் வாக்காளர்தானே என்ற வாதத்துடன் சில பெண்கள் நேரடியாக வாக்களிக்கச் சென்றார்கள். சூசன் பி. ஆன்டனி 1872இல் ரோசெஸ்டரில் வாக்களித்துக் கைதானார். விதிக்கப்பட்ட 100 டாலர் அபராதத்தை அவர் கடைசிவரை கட்டவில்லை. மிசௌரியைச் சேர்ந்த வர்ஜீனியா மைனரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. பெண்கள் குடிமக்கள்தாம், ஆனால் குடியுரிமைக்குள் வாக்குரிமை அடங்காது என்று 1875இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன்பின் மாநிலச் சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, அல்லது அரசமைப்பையே திருத்துவது என இரண்டு வழிகளே மிஞ்சின.

மாநில வழியில் மேற்குப் பகுதி முந்திக்கொண்டது. வயோமிங் 1869லேயே, இன்னும் மாநிலமாகாத ஆட்சிப்பகுதியாக இருந்தபோதே, பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. கொலராடோ 1893இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றது. இப்படிக் கிடைத்த உரிமை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு யூட்டாவே சாட்சி: அங்கே 1870இல் வந்த வாக்கை 1887இல் காங்கிரஸ் பறித்தது, 1896இல் மாநிலமானபோதுதான் அது திரும்பியது. அரசமைப்பு வழியிலோ, 1878இல் கலிஃபோர்னியா செனட்டர் ஏரன் சார்ஜென்ட் 15ஆவது திருத்தத்தின் அச்சிலேயே வார்த்து முன்வைத்த வாசகம் 41 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 1917 ஜனவரி முதல் ஆலிஸ் பால் தலைமையிலான பெண்கள் வெள்ளை மாளிகை வாசலில் பதாகைகளோடு நின்றார்கள். சிறைக்குப் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டார்கள். கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய சங்கம் அதே காலத்தில் மாநிலம் மாநிலமாக ஆதரவு திரட்டியது. இரண்டு அணிகளும் ஒன்றையொன்று குறைகூறிக்கொண்டாலும், ஒன்று இல்லாமல் மற்றொன்று வென்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசமைப்புத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும், பின்னர் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் ஒப்புதலும் தேவை. 1919 ஜூன் 4 அன்று செனட் நிறைவேற்றியபோது நாட்டில் 48 மாநிலங்கள் இருந்ததால் 36 ஒப்புதல்கள் வேண்டியிருந்தன. முப்பத்தாறாவது மாநிலமான டென்னசியில், எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்த 24 வயது சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன், ஆதரித்து வாக்களிக்கும்படி தம் தாய் எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பக்கம் மாறினார். அது 1920 ஆகஸ்டு 18. எட்டு நாள் கழித்துத் திருத்தம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும், பெயர்ப் பதிவுக்கான கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லி ஜார்ஜியாவும் மிசிசிப்பியும் அந்த நவம்பர் தேர்தலில் பெண்களை வாக்களிக்க விடவில்லை.

திருத்தத்தின் குறுகிய வாசகத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைத்தான் விளக்க நூல்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்கின்றன. தென் மாநிலங்களில் தலைவரி (வாக்களிக்கக் கட்ட வேண்டியிருந்த வரி), எழுத்தறிவுத் தேர்வு, நேரடி மிரட்டல் ஆகியவை கறுப்பினப் பெண்களைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தின. இவற்றில் எதுவும் எழுத்தளவில் பாலினத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. மிசிசிப்பியில் 1962இல் வாக்காளராகப் பதியச் சென்ற ஃபேனி லூ ஹேமர், அதற்காகவே தாம் 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அங்கே நிலைமை மாறத் தொடங்கியது. பூர்வகுடிப் பெண்கள் பலருக்கு 1924வரை குடியுரிமையே இல்லை. இந்தியாவில் பிறந்தவர்கள் ‘வெள்ளையர்’ அல்லர் என்பதால் குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்ற 1907ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. அது 1922இல் பெருமளவு நீக்கப்பட்டபோதும், குடியுரிமைத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்ட ஆசியரை மணந்தவர்களுக்கு அப்போது விலக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் திருத்தம் வாக்குப்பெட்டியைத் தாண்டி எதையும் தொடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஊதியம், கடன், ஜூரியில் அமர்வது ஆகியவற்றில் சமத்துவம் வேண்டும் என்று ஆலிஸ் பால் முன்வைத்த சம உரிமைத் திருத்தம் 1923இல் காங்கிரசுக்கு வந்து, 1972இல்தான் நிறைவேறியது. நீட்டிக்கப்பட்ட கெடுவான 1982க்குள் தேவையான 38 மாநிலங்களில் 35 மட்டுமே ஒப்பின. வர்ஜீனியா 2020இல் முப்பத்தெட்டாவதாக ஒப்பிய பிறகும், கெடு கடந்தது செல்லுமா என்ற வழக்காடலில் சிக்கி அது அரசமைப்பில் சேர்க்கப்படாமலே இருக்கிறது. ஆகவே சம ஊதியத்துக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டமும், வேலையில் பாகுபாட்டுக்கு 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டமும், கடன் பெறுவதற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமும்தான் இன்று கைகொடுக்கின்றன. இவை சாதாரணச் சட்டங்கள். காங்கிரஸ் நினைத்தால் மாற்றலாம். 1875இல் பெண்களைக் கைவிட்ட அதே 14ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவைக் கொண்டுதான், 1971 முதல் உச்ச நீதிமன்றம் பாலினப் பாகுபாடுள்ள சட்டங்களை ரத்து செய்துவருகிறது.

இன்று மத்தியத் தேர்தல்களில் வாக்களிக்கக் குடியுரிமையும் 18 வயதும் வேண்டும். வடக்கு டகோட்டாவைத் தவிர மற்ற மாநிலங்களில் வாக்காளராகப் பதிந்திருக்கவும் வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் குடிமகள் ஆகார். அவர் அத்தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தலுக்கும் அது வழிவகுக்கலாம். குடியுரிமை பெற்ற முதியவருக்குப் பார்வைக் குறைபாடோ, எழுதப் படிக்க இயலாமையோ இருந்தால், தம் மகளையோ நண்பரையோ உதவிக்கு வாக்குச்சாவடிக்குள் அழைத்துச் செல்ல வாக்குரிமைச் சட்டம் இடமளிக்கிறது. வேலை தருபவரும் அவருடைய ஆட்களும், தொழிற்சங்க நிர்வாகிகளும் மட்டும் அந்த உதவியாளராக இருக்கக் கூடாது.