மின்சார கார் வாங்கினால் அரசு என்ன தருகிறது, என்ன தருவதில்லை

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஆதார் அட்டையையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "தம்பி, மின்சார கார் வாங்கினால் ஒன்றரை லட்சம் ரூபாய் மானியம் என்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?" என்று கேட்டார். வண்டியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அந்த ஒன்றரை லட்சத்தை நம்பித்தான் காருக்குத் திட்டம் போட்டிருந்தார்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வருமான வரிச் சட்டத்தில் 2019இல் 80 இ.இ.பி. என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மின்வாகனம் வாங்கக் கடன் எடுத்தவர், அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை தம் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம் என்பது அதன் சாரம். ரொக்கமாக யார் கையிலும் எதுவும் வராது. வரி கட்டுகிறவருக்கு வரி குறையும், அவ்வளவுதான். அதுவும் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். இன்று புதிதாகக் கடன் வாங்குகிறவருக்கு அது கிடையாது. ஆனாலும் அந்த ஒன்றரை லட்சம் மட்டும் 'மானியம்' என்ற பெயரில் வாய்வழியாக ஊர் ஊராக உலவிக்கொண்டிருக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு மின்சார கார் வாங்கும் தனிநபருக்கு மத்திய அரசு கொள்முதல் மானியம் எதுவும் தருவதில்லை. மின்வாகனங்களை ஊக்குவிக்க மத்திய அரசு கொண்டுவந்த ஃபேம் திட்டத்தின், 2019இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வாடகைக்கு ஓடும் கார்களுக்குத்தான் மானியம் இருந்தது. அதற்குப் பின் 10,900 கோடி ரூபாயில் 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், ஆம்புலன்ஸ், லாரி, பேருந்து, சார்ஜிங் நிலையம் எல்லாம் உண்டு. சொந்தக் கார் இல்லை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சார கார் ஆலை திறந்ததிலிருந்து "நம்ம பக்கத்து ஆலை, நமக்கு விலை குறையும்" என்ற பேச்சும் கூடியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு விலை என்று எந்த விதியும் கிடையாது.

அப்படியானால் சலுகையே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாம் வரியில் இருக்கிறது. வரிச்சலுகை கண்ணில் படாது என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மின்வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2019 ஆகஸ்ட் 1 முதல் இதே விகிதம்தான். 2025 செப்டம்பர் 22இல் வந்த மாற்றத்துக்குப் பிறகும் சிறிய பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் என்றால், மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 50,000 ரூபாய், சிறிய பெட்ரோல் காருக்கு 1,80,000 ரூபாய். இதற்கு விண்ணப்பம் வேண்டாம், ஆதார் வேண்டாம். பில்லிலேயே கழிந்து வரும்.

அதைவிடப் பெரியது சாலை வரி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி விலையில் 15 சதவீதம். 12 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. மின்வாகனங்களுக்கு இந்த வரியை மாநில அரசு முழுவதுமாகத் தள்ளுபடி செய்து வந்திருக்கிறது. தலைமையாசிரியர் எதிர்பார்த்த ஒன்றரை லட்சத்தைவிட இது அதிகம். அவருக்கு அதைப் பற்றி யாருமே சொல்லவில்லை.

ஆனால் இந்தத் தள்ளுபடி நிரந்தரச் சட்டம் அல்ல. கடைசி நாள் குறித்து ஆணையாக வருவது. முதல் ஆணை 2020 நவம்பர் முதல் 2022 இறுதி வரை இருந்தது. அடுத்தது 2023 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: நடப்பில் இருக்கும் ஆணை எது, அதன் கடைசி நாள் எது? வண்டி பதிவாகும் நாளில் இருக்கும் ஆணைதான் பொருந்தும். டெலிவரி இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்றால் இந்தத் தேதி முக்கியம். ஷோரூமில் சொல்லும் வாய்வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். விலைப்பட்டியலில் சாலை வரி என்ற வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆர்.சி. வழங்குவதற்கும் புதுப்பிப்பதற்கும் உள்ள கட்டணத்திலிருந்தும் 2021 ஆகஸ்ட் முதல் மின்வாகனங்களுக்கு விலக்கு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் 2022 முதல் 15 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. புகைச் சான்றிதழ் தேவையில்லை.

ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு பி.எம். இ-டிரைவ் பொருந்தியது. பேட்டரியின் கொள்ளளவில் ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) 5,000 ரூபாய், வண்டிக்கு அதிகபட்சம் 10,000 என்று முதல் ஆண்டில் இருந்தது, 2025-26இல் அதில் பாதியானது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பு, இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 2026 மார்ச் 31ஐக் கடைசி நாளாக வைத்தது. இந்தத் தொகையும் வாங்குகிறவர் கணக்குக்கு வருவதில்லை. விலையில் கழித்துக்கொடுத்துவிட்டு, நிறுவனம் அரசிடம் வாங்கிக்கொள்ளும். "மானியம் உங்கள் கணக்கில் விழும், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் பேசினால் அது மோசடி. உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

உரிமம், பலகை, பெர்மிட்

"பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பது பாதி உண்மை, ஆபத்தான பாதி. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருக்கும் வண்டிகளுக்குத்தான் அந்த விலக்கு. மற்ற எல்லா மின்வாகனத்துக்கும் பதிவு, உரிமம், காப்பீடு மூன்றும் கட்டாயம். பள்ளிப் பிள்ளையிடம் வேகமான ஸ்கூட்டரைக் கொடுத்து அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது உரிமத்தைத்தான்.

பெர்மிட் விஷயத்திலும் இதே குழப்பம். பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. அதைக் கேட்டுவிட்டு, சொந்தக் காரைக் குற்றாலம் சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது முடியாது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் எழுத்து வாடகைக்கு. வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் போக்குவரத்து வாகனமாகவே பதிவு செய்ய வேண்டும். எப்.சி., அதற்குரிய காப்பீடு எல்லாம் வேண்டும். விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான்.

வெள்ளம்

நம் ஊரில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் மூழ்கியது. அதைப் பார்த்தவர்கள், "தண்ணீரில் மின்சார கார் நின்றால் ஷாக் அடிக்காதா?" என்று கேட்பது நியாயமான பயம். பேட்டரிப் பெட்டி அடைத்து மூடப்பட்டது. மின்கசிவைக் கண்டால் மின்தொடர்பை அதுவே துண்டித்துக்கொள்ளும். பல கார்களில் பேட்டரிக்கு ஐ.பி.67 தரம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். மழையில் ஓட்டலாம், நனையலாம். ஆனால் இரவு முழுவதும் மூழ்கிக் கிடந்த காருக்கு அந்தத் தரம் பொறுப்பேற்காது.

அப்படி மூழ்கினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, தூக்கிச்செல்லும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்குக் காசு வராது. முழுமையான காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆற்றங்கரையை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க நினைக்கக்கூடாத இடம் இது.

தீப்பிடிக்கும் என்ற பயமும் இருக்கிறது. 2022இல் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடுகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூடங்குளமும், பாபநாசம் நீர்மின் நிலையமும், வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளும் நம் நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

வீட்டில் சார்ஜ்

வீட்டில் சார்ஜ் போடத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிற இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல் நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு பொது நிலையம் வேண்டும் என்றது. அது இலக்கு. மதுரைக்குப் புறப்படும் முன் வழியில் வேலை செய்யும் நிலையம் எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நம் பொறுப்பு.

செலவுக் கணக்கில்தான் ஏமாற்றம் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதப் பில்லில் ஏறக்குறைய 285 யூனிட் கூடும். ஏற்கெனவே 280 யூனிட் ஆகும் வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் 'கிட்டத்தட்ட இலவசம்' இல்லை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. புது இணைப்பை, பெருநகரங்கள் நீங்கலான நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 7 நாளிலும் கிராமத்தில் 15 நாளிலும் தர வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையில் சூரிய மின்தகடு போடும் எண்ணம் இருந்தால், பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பாஸ்புத்தகம் வேலைக்கு வருவது இங்கேதான்.

தலைமையாசிரியர் வரித் தள்ளுபடியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் காரை வாங்கினார். முதல் நாள் இரவே சார்ஜ் ஏறவில்லை என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். சுவரில் 15 ஆம்பியர் பிளக் சரியாக இருந்தது, சார்ஜர் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வண்டியில் குறை என்று ஷோரூமுக்கு எழுத அவர் கடிதத்தைத் தொடங்கியிருந்தார். வயர்மேன் வந்து பின்கட்டில் முருங்கைக்கு அடியில் இருந்த எர்த்துக் குழியின் மூடியைத் தூக்கினார். முப்பது வருடத்துக் குழி. உப்பும் கரியும் கரைந்துபோய் மண் காய்ந்து வெடித்திருந்தது. எர்த் சரியில்லை என்றால் இந்தச் சார்ஜர்கள் மின்சாரத்தை ஏற்காது, அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. புது உப்பும் கரியும் போட்டு, கம்பியை மாற்றி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் விளக்கு பச்சையானது. அத்தனை வருடம் அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமலேயே ஓடியிருக்கின்றன.

வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றும் வேலையை இப்போது அவருடைய பேரன் பார்த்துக்கொள்கிறான்.