கலங்கல் வேறு, மணல் வேறு

மாரி வெள்ளம் இறங்கி மட்டக்களப்பு வாவி செம்மண் நிறமானதும், "ஆறு மணலை அள்ளிக்கொண்டு வருகிறது" என்று ஊரே சொல்லும். நான் கரையோர அளவீட்டில் வேலை செய்பவன். அந்த நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் களியும் வண்டலும்தான். பாலமீன்மடு முகத்துவாரத்தை அடைக்கும் மணலில் பெரும்பங்கைக் கடல் அலைகளே கரையோரமாகத் தள்ளி வருகின்றன. அது அடித்தரையை ஒட்டியே நகர்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

0.2 மில்லிமீட்டர் மணல்மணி ஒன்று அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகள் தனித்து நின்றால் அதே தூரத்துக்குச் சில நாட்கள் எடுக்கும். ஆகவே மேல் தண்ணீரை வாளியில் மொண்டு பார்த்து அடிமணலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒளியால் கலங்கலை அளக்கும் கருவியும் களிக்கே அதிகம் மசியும். காரணம், ஒரே எடையில் மணலைவிடக் களியின் மேற்பரப்பு மிகப் பெரிது.

மணலைப் பிடிக்க ஒலி வேண்டும். எங்கள் ஊரில் நீருக்கடியில் ஒலி என்றதும் பாடும் மீனைத்தான் விசாரிப்பார்கள். நாங்கள் அனுப்புவது காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸ் ஒலி. நீரில் அதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 1500 மீட்டர். 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர். துகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை, அதன் விட்டம் இரட்டித்தால் எதிரொலியின் வலு 64 மடங்காகும். மணல் உரக்கப் பேசுவதும் களி முணுமுணுப்பதும் இதனால்தான். எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதையும் அறியலாம். 1, 2, 4 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றி மாற்றி அனுப்பினால், எது எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதிலிருந்து மணியின் பருமனும் பிடிபடும்.

ஆனால் கருவியின் திரையில் பலமான எதிரொலியைக் காட்டும் சிவப்புப் பட்டையெல்லாம் மணல் அல்ல. ஓர் இயந்திரப் படகு கடந்து போனால் போதும், மேலிருந்து கீழ்வரை திரை சிவந்துவிடும். அது காற்றுக் குமிழி. அலை உடையும் முகத்துவாரத்தில் இந்தத் தொல்லை ஓயாது. களி மிகுந்த நீர் ஒலியை விழுங்கிவிடுவதால் அடியிலுள்ள மணல் குறைவாகத் தோன்றுவதும் உண்டு. இதற்காகவே அதே ஆழத்தில், அதே நேரத்தில் போத்தலில் நீர் எடுத்து, 0.063 மில்லிமீட்டர் அரிதட்டில் வடித்து, தங்கியதை உலர்த்தி நிறுக்கிறோம். இந்த நிறுவை இல்லாத அறிக்கையில் எத்தனை வண்ணப் படம் இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

மணல் அடைத்த முகத்துவார வாயை எப்போது வெட்டித் திறப்பது என்பதில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயிக்கு ஒரு கவலை, வாவி மீனவருக்கு இன்னொரு கவலை. ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணல் அடைந்ததையும் அதன் வடக்குக் கரையைக் கடல் அரித்ததையும் அம்பாறைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மணல் பற்றிய அறிக்கை ஒன்றைக் கூட்டத்தில் காட்டினால், எந்த ஆழத்தில் அளந்தீர்கள், நீர் மாதிரி எடுத்தீர்களா என்று கேளுங்கள்.

படகில் மீன் தேடும் எதிரொலிக் கருவி வைத்திருப்போர் அதைக் கொண்டு மிதக்கும் மணலை அளக்க முயல வேண்டாம். 200 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர், மணலுக்கு அது மிக நீளம். ஆழத்தை மட்டும் குறித்து வையுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், நேரத்தோடு எழுதிய ஆழம் எங்களுக்கு மிகவும் உதவும்.