'ஆத்தை ஒட்டி ஒரு சைட்' கேட்பவர்களுக்கு

மே மாதம் பிறந்தால் போதும், அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும். "டெஷூட்ஸ் ஆத்தை ஒட்டின மாதிரி நல்ல கேம்ப்சைட் எது? குழந்தைங்க தண்ணியில விளையாடணும்." முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால், ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த மிதவைப் படகு ஓட்டுகிறவர்கள், ஆற்று மீட்புப் பயிற்சி எடுத்தவர்கள் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கோடையில் இதே கேள்வி இதே சொற்களோடு வந்து நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரை என்றதும் நம் மனதில் எழுவது மணல்திட்டும் படித்துறையும். ஓரத்தில் கணுக்கால் ஆழம், மெல்ல மெல்ல முழங்கால், அதற்கப்பால் இடுப்பு. ஒரிகன் மாநிலத்தில் ஓடும் டெஷூட்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்தக் கணக்கு செல்லாது. மாப்பின் ஊரைச் சுற்றி, எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆறு அது. பல இடங்களில் கரை என்பது ஆல்டர் மர வேர்களும் புல்லும் மூடிய ஒரு விளிம்பு, அவ்வளவுதான். முதல் அடியில் முழங்கால், மூன்றாம் அடியில் மார்பு. கீழே பாசி பிடித்த உருண்டைக் கற்கள்.

"ஆனா பாக்க அமைதியாத்தானே இருக்கு?" இதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சலூட்டும் வாதம். அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. டெஷூட்ஸின் நீரில் பெரும்பங்கு நிலத்தடி ஊற்றுகளிலிருந்து வருகிறது. மேலே பெல்டன் ரவுண்ட் பியூட் அணைகள் வேறு இருக்கின்றன. அதனால் கோடை முழுக்க நீர்மட்டம் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மற்ற ஆறுகளில் வெள்ளம் அரித்த கரையும் ஒதுங்கிக் கிடக்கும் மரங்களும் பார்ப்பவரைப் பயமுறுத்தி வைக்கும். இங்கே விளிம்பு வரை பச்சைப் புல், நுரையில்லாத மேற்பரப்பு. அந்த மேற்பரப்புக்குக் கீழே நடுக்கோடையிலும் விநாடிக்குச் சுமார் 4,000 கன அடி நீர் போகிறது. எடையில் சொன்னால் ஒவ்வொரு விநாடியும் நூறு டன்னுக்கு மேல். வெயில் 100 டிகிரி பாரன்ஹீட் அடிக்கும் நாளிலும் தண்ணீர் 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நீச்சல் குளத்தில் நாற்பது சுற்று நீந்துகிறவருக்கும் திடீரென்று அந்தக் குளிரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே வசப்படாது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். குளத்து நீச்சலை ஆறு மதிப்பதில்லை.

இன்னொரு தவறு, விழுந்தவர் எழுந்து நிற்க முயல்வது. முழங்காலுக்கு மேல் ஓடுகிற நீரில் ஒருபோதும் நிற்கப் பார்க்காதீர்கள். பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், நீரோட்டம் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு வெளியே தெரியும்படி மிதந்து, கைகளால் துழாவிச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு எறியுங்கள், கிளையை நீட்டுங்கள், துடுப்பை நீட்டுங்கள்.

மாப்பினுக்குக் கீழே, அதாவது ஆறு ஓடும் திசையில், உள்ள சைட்டிலிருந்து டியூபில் மிதக்கலாம் என்று நினைப்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கீழே ஓக் ஸ்பிரிங்ஸ் ரேபிட், பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடம். அதற்கும் கீழே ஷெரார்ஸ் அருவி, ஏறத்தாழ 15 அடி வீழ்ச்சி. ராஃப்ட்காரர்கள் எல்லோரும் அருவிக்கு முன்பே சேண்டி பீச்சில் கரையேறிவிடுவார்கள். கடைவீதியில் வாங்கிய காற்றடைத்த அன்னப்பறவை மிதவைக்குக் கரையேறத் தெரியாது. ஒரிகன் சட்டப்படி நகரும் படகில் 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். கடினத்தில் மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலுமான ரேபிட்களில் எல்லோரும் போட வேண்டும். சட்டம் படகுக்கு மட்டும்தான். நீங்கள் அதைக் கரைக்கும் நீட்டிக்கொள்ளுங்கள்: தண்ணீருக்குப் பத்து அடிக்குள் போகும் குழந்தைக்கு ஜாக்கெட் கட்டாயம், கூடாரத்திலிருந்து எழுந்த நேரம் முதல் தூங்கும் நேரம் வரை. ஆற்றை ஒட்டிய சைட்டில் குழந்தையை இரண்டு நாளும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாலைக்கு மறுபுறமோ ஐம்பது தப்படி உள்ளேயோ இருக்கும் சைட்டில் நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். காட்சிக்காக அந்தத் தூக்கத்தை விற்காதீர்கள்.

ஆற்றைப் பற்றி இது போதும். இடத்தைப் பார்ப்போம்.

மத்திய ஒரிகன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வெவ்வேறு தட்பவெப்பம் அதற்குள் இருக்கிறது. மாப்பின் பள்ளத்தாக்கின் அடியில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி அளவில் இருக்கிறது. ஜூலையில் அடுப்பு. பெண்ட் நகரம் 3,600 அடியில் இருக்கிறது. அங்கே கோடையிலும் சில இரவுகளில் உறைபனி விழும். பெண்ட் அருகே டுமாலோ மாநிலப் பூங்காவில் இடம் எடுத்துவிட்டு "பாலைவனம்தானே" என்று மெல்லிய போர்வையோடு போகிறவர்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்ட் பக்கம் என்றால் 20 டிகிரி பாரன்ஹீட் குளிருக்கான தூங்குபை. மாப்பின் பக்கம் ஜூலையில் என்றால் மெல்லியது போதும், ஆனால் நிழல் வேண்டும்.

நிழலைப் பற்றி முன்பதிவுத் தளத்தின் படங்கள் பொய் சொல்லும். காலை ஏழு மணிக்கு எடுத்த படத்தில் எந்த இடமும் சோலைதான். ஆறு ஏறக்குறைய தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மாப்பினிலிருந்து கீழே போகும் சாலையும் கேம்ப்கிரவுண்ட்களும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. எதிரே மேற்குச் சுவருக்குப் பின்னால் சூரியன் மறையும் வரை பிற்பகல் வெயில் முழுவதும் உங்கள் கூடாரத்தின் மேல்தான். ஆல்டர் மரங்கள் தண்ணீர் ஓரத்தில் மட்டும். அதனால் கேனபி என்கிற மடக்கு நிழற்பந்தல் கொண்டுபோங்கள், ஆனால் பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு காலிலும் 40 பவுண்டு எடை கட்டாத கேனபி பறந்துபோய் ஆற்றில் கிடக்கும். கூடாரத்தோடு தருகிற கம்பி ஆணிகள் சரளை மண்ணில் வளைந்துவிடும். பத்து அங்குல இரும்பு ஆணியும் ஒரு சுத்தியலும் வேண்டும். எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள். கூடாரத்தை விட்டுக் கிளம்பும்போது கேனபியை மடக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

கூடாரம் எங்கே போடக் கூடாது? பாறைச் சுவரின் அடியில், புதிதாக உடைந்த வெளிர்முகக் கற்கள் கிடக்கும் இடத்தில். வறண்ட பக்கவாட்டு ஓடையின் வாயில், விசிறிபோலச் சரளை பரவிய இடத்தில். மேலே பீடபூமியில் இடி இடித்தால் கீழே உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் அந்த ஓடையில் சேறும் கல்லும் இறங்கும். புதர்களில் சிக்கிய குச்சிகளும் வைக்கோலும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பாருங்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது.

இரவில் ரயில் ஓடும். 1909 முதல் இரண்டு ஆண்டுகள் ரயில்வே முதலாளிகளான ஜேம்ஸ் ஹில்லின் நிறுவனமும் ஹாரிமனின் நிறுவனமும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கரையில் தண்டவாளம் போட்டார்கள். நீங்கள் காரில் போகும் கிழக்குக் கரைச் சாலை அப்படிப் போட்டுப் பின்னாளில் கைவிடப்பட்ட தடத்தின் மேல்தான் ஓடுகிறது. எதிர்க்கரைத் தடத்தில் இன்றும் சரக்கு ரயில் போகிறது. காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் நடந்து மீன்பிடிக்கப் போகாதீர்கள், அது அத்துமீறல். அதேபோல மாப்பினுக்கு மேலே மேற்குக் கரையில் நீண்ட தூரம் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிகளின் நிலம். ஷெரார்ஸ் அருவியில் மரமேடைகளில் நின்று வலை வீசுவது அவர்களுடைய உரிமை, சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி அல்ல. மேடையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

குடிநீர். இங்குள்ள கேம்ப்கிரவுண்ட்கள் பெரும்பாலும் பி.எல்.எம். எனப்படும் மத்திய நில மேலாண்மைத் துறையின் கீழ் வருபவை. குழிக் கழிப்பறை இருக்கும். குழாயை நம்பாதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் குடிக்க, சமையலுக்கும் பாத்திரத்துக்கும் தனியாக. நான்கு பேர், இரண்டு இரவு, மூன்று பகல் என்றால் 16 கேலனுக்குக் குறையக் கூடாது. "ஆறு பக்கத்துலதானே, ஃபில்டர் இருக்கு" என்றால், ஹூட் மலைப் பனியாற்றின் கல்தூளைச் சுமந்துகொண்டு வரும் வைட் ரிவர் ஷெரார்ஸ் அருவிக்குச் சற்று மேலேதான் கலக்கிறது. வெயில் கடுமையான நாட்களில் அதற்குக் கீழே ஆறே பால் கலந்த சாம்பல் நிறமாகிவிடும், ஃபில்டர் சிறிது நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

சாலை. ஷெரார்ஸ் பாலத்திலிருந்து மேக்ஸ் கேன்யன் கேம்ப்கிரவுண்ட் வரை சுமார் 17 மைல், சரளை, துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக. முக்கால் மணி நேரமாவது ஆகும். கூர்மையான பசால்ட் கல் டயரைக் கிழிக்கும். இப்போது வரும் பல கார்களில், குறிப்பாக மின்சாரக் கார்களில், ஸ்டெப்னியே கிடையாது. கிளம்புமுன் பின்கதவைத் திறந்து பாருங்கள், சும்மா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடையாது. புதிய போன்களின் செயற்கைக்கோள் செய்திக்கும் திறந்த வானம் வேண்டும், சுவருக்கு அடியில் அது திணறும். மாப்பினிலிருந்து தி டால்ஸ் ஊர் மருத்துவமனை ஏறக்குறைய 40 மைல். மேக்ஸ் கேன்யனில் இருந்தால் அதற்கு முன்னால் அந்தச் சரளைப் பாதையையும் கூட்டிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை, ஆஸ்துமா, இதய நோய், தேனீ ஒவ்வாமை, இவற்றில் ஒன்று வீட்டில் இருந்தால் மாப்பினைத் தாண்டிக் கீழே போகவே வேண்டாம்.

பாம்பைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராட்டில்ஸ்னேக் உண்டு. இருட்டில் டார்ச்சும் மூடிய காலணியும், பார்க்காத இடத்தில் கை வைக்காமை. கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு உடனே வண்டியை எடுங்கள். உண்மையில் அதிகம் பேரை வாட்டுவது பாய்சன் ஐவி. ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் மூன்று மூன்று இலையாக நிற்கும். பட்டால் உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும். நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வரும்.

இனி நெருப்பு. ஆற்றோரப் பகுதிகளில் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை கேம்ப்ஃபயருக்குத் தடை. "அடுப்புக்கரி பரவாயில்லையா?" கூடாது. "புரொப்பேன் ஃபயர்பிட்?" அதுவும் கூடாது. உலோகத்தில் செய்த சமையல் ஸ்டவ் மட்டும்தான் அனுமதி. சிகரெட்டைக்கூட மூடிய காருக்குள்ளோ, படகிலோ, தண்ணீரில் நின்றுகொண்டோதான் பிடிக்க வேண்டும். பார்க் ரேஞ்சர் கறாராக இருக்கிறார் என்று முணுமுணுக்காதீர்கள். ஜூனிலேயே சீட்கிராஸ் புல் காய்ந்து காகிதமாகிவிடும். 2018 ஜூலையில் தி டால்ஸ் அருகே தொடங்கிய சப்ஸ்டேஷன் தீ 78,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. டிராக்டரால் தீத்தடுப்பு உழவு ஓட்டிய ஒரு விவசாயி அதில் இறந்தார். நெருப்பில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வாட்டாவிட்டால் முகாமே இல்லை என்கிற குடும்பம் மே மாதத்தில் போகட்டும், அதுவும் அந்த வாரத்து உத்தரவைப் பார்த்துவிட்டு.

அப்படியானால் குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்கள் எங்கே போவது? குழந்தைகள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் ஜான் டே ஆற்றங்கரையில் 2013-இல் திறந்த காட்டன்வுட் கேன்யன் மாநிலப் பூங்கா. அந்த ஆற்றில் அணையே இல்லை. வசந்தத்தில் சீறும், ஆகஸ்டில் முழங்காலளவுக்கு இளைத்து வெதுவெதுப்பாகிவிடும். நிழல் குறைவு. கடை வசதி வேண்டும் என்றால் டுமாலோ. ஏரி போதும் என்றால் கல்வர் அருகே கோவ் பாலிசேட்ஸ். மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்னதாகப் பதிவு திறக்கும், ஜூலைக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும். டெஷூட்ஸ்தான் வேண்டும் என்றால் மாப்பின் நகரப் பூங்கா, அல்லது ஊருக்கு அருகிலேயே இருக்கிற பி.எல்.எம். இடங்கள். அந்தச் சரளைப் பாதையில் இருக்கும் பீவர்டெயிலும் மேக்ஸ் கேன்யனும் பழகியவர்களுக்கு.

பி.எல்.எம். தனி சைட்களில் பெரும்பாலானவை முதலில் வருபவருக்கே. வியாழன் மதியத்துக்குள் போய்விடுங்கள். வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போய் இடம் இல்லையென்றால், இருட்டில் ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டாக நுழைந்து கீழே கீழே போகாதீர்கள். சாலையோரத்தில் கூடாரம் போடாதீர்கள். சிக்னல் இருக்கும் மாப்பினுக்கே திரும்புங்கள், தி டால்ஸில் ஒரு மோட்டலில் படுங்கள், சனி காலை பத்து மணிவாக்கில் யாராவது கிளம்பும்போது வந்து பிடியுங்கள்.