மெமரபிலிட்டி: தமிழில் என்ன சொல்வது?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் எடுத்த சூரிய உதயப் படங்கள் என் போனில் நாற்பதுக்கு மேல் இருக்கும். எது எந்த நாள் என்று எனக்கே தெரியாது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எடுத்த ஒரு படம் மட்டும் போனைத் திறக்காமலே கண்ணில் நிற்கிறது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து ஒரு அக்கா வஞ்சிரம் நறுக்குகிறார். தலையில் சுற்றிய துண்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசுகிறார். அரிவாள்மனையில் கை தன் பாட்டுக்கு ஓடுகிறது.

இந்த வித்தியாசத்துக்குத்தான் ஆய்வாளர்கள் ‘மெமரபிலிட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நினைவுள்ள’ என்று பொருள்படும் ‘மெமோர்’ என்ற லத்தீன் சொல்தான் அதற்கு வேர். 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிலிப் ஐசோலா, ஆட் ஒலிவா குழுவினர் 2,222 படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு நொடி வந்து போகும். முன்பு பார்த்தது திரும்ப வந்தால் பட்டனைத் தட்ட வேண்டும். பார்த்தவர்களை இரண்டு பாதியாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு பாதிக்கு நினைவிருந்த படங்களே பெரும்பாலும் மறுபாதிக்கும் நினைவிருந்தன. மனிதர்கள் உள்ள படங்கள் முந்தின. ஆளில்லாத இயற்கைக் காட்சிகள் பின்தங்கின. அழகும் கைகொடுக்கவில்லை. என் நாற்பது உதயங்களுக்கு ஆறுதல்!

ஆக, இது பார்க்கிறவரைவிடப் படத்தைச் சேர்ந்த குணம். தமிழ்ச் சொல் தேடும்போது இதை விட்டுவிடக் கூடாது. ‘நினைவாற்றல்’ ஆளுக்கு உரியது, படத்துக்கு ஒட்டாது. ‘நினைவுகூரத்தக்க’ என்றால் அதற்கான தகுதி வந்துவிடுகிறது; விழாவுக்கும் தலைவருக்கும் சரி, மீன் நறுக்கும் படம் எந்தத் தகுதியும் கேட்பதில்லை. ‘மறக்க முடியாத’ என்பது பார்த்தவரின் இயலாமையைச் சொல்கிறது, சினிமா விளம்பரத்தில் தேய்ந்தும் போய்விட்டது. ‘ஞாபகம்’ வடமொழியில் ‘அறியச் செய்வது’. அதிலிருந்து இதற்கொரு சொல் ஆக்கினால் வாயில் நுழையாது.

நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. “அந்தக் காட்சி கண்ணுலயே நிக்குது” என்கிறோம். நிற்பது யார்? நானில்லை, காட்சி. ஆய்வு சொன்னதும் அதுதான். அதனால் மெமரபிள் என்பதற்கு ‘நினைவில் நிற்கும்’, மெமரபிலிட்டிக்கு ‘நினைவில் நிற்கும் தன்மை’ என்பதே என் தேர்வு. சுருக்கி ‘நினைவுநிற்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.