கண்ணில் தெறிக்கும் இரும்புத் துகள்: வலி இல்லையென்றால் கவனம் கூடுதலாக வேண்டும்

வீட்டில் கம்பியை அறுக்கும்போதோ சுவரைத் துளையிடும்போதோ கண்ணில் துகள் தெறித்து, நீர் வழிய, கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வருபவரைக் குறித்து, கண் மருத்துவராக நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கருவிழியில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருப்பதால், மேலே ஒட்டிய சிறு தூசியும் பொறுக்க முடியாத உறுத்தலைத் தந்து, அவரை உடனே மருத்துவமனைக்கு விரட்டிவிடுகிறது. மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, ஊசி முனையால் துகளை எடுத்துவிடுவோம். இரும்பாக இருந்து ஒரு நாள் கடந்துவிட்டால், சுற்றிப் படிந்த துரு வளையத்தையும் சுரண்ட வேண்டியிருக்கும். (அந்தச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்பவர்கள் உண்டு. தொடர்ந்து விட்டால் புண் ஆறாது என்பதால் நாங்கள் கொடுப்பதில்லை.)

எனக்கு அச்சம் தருபவர், "உளியை அடித்தபோது சுள்ளென்று ஏதோ பட்டது, கழுவியதும் சரியாகிவிட்டது, பார்வைதான் கொஞ்சம் மங்கல்" என்று மூன்றாம் நாள் சாவகாசமாக வருபவர். அடி வாங்கி வாங்கிக் காளான்போல் விரிந்த உளித் தலையின் ஓரத்திலிருந்து பெயரும் சில்லு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். நுழைந்த வாய் தானே மூடிக்கொண்டால் வெளியில் எதுவும் தெரியாது. ஆகவே, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையே நான் முதலில் கேட்கிறேன். இரும்போடு இரும்பு மோதிய வேலை என்றால் சி.டி. ஸ்கேன் எடுப்போம், உள்ளிருக்கும் இரும்பைக் காந்தப்புலம் நகர்த்திவிடும் என்பதால் எம்.ஆர்.ஐ. கூடாது. கவனிக்காமல் விட்டால், சில நாட்களிலேயே கிருமித் தொற்று கண்ணைப் பறிக்கலாம். தப்பினாலும், கரையும் இரும்பு மாதக்கணக்கில் விழித்திரையை நஞ்சாக்கும்.

மூக்குக்கண்ணாடி போதுமே என்பார்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் ஆங்கிள் கிரைண்டரின் பொறி பக்கவாட்டு இடைவெளியில் தாராளமாக நுழையும். பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும். அதைக் கழற்றுமுன் கண்ணை மூடித் தலையையும் புருவத்தையும் தட்டிவிடுங்கள், அங்கே தங்கிய தூள் அந்த நொடியில்தான் கண்ணில் விழும். விரிந்த உளித் தலையை அரத்தால் ராவிச் சீராக்குங்கள்.

துகள் உள்ளே போயிருக்குமோ என்ற ஐயம் வந்தால், கண்ணைக் கசக்காமல், அழுத்தாமல், காகிதக் குவளையைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே புறப்படுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம். உளியையும் எடுத்து வாருங்கள், அது காந்தத்தில் ஒட்டும் உலோகமா என்று பார்க்க உதவும்.