மோட்டார் ஊதும் நாயனம்

சோழவந்தானில் மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு பழைய ஹோஸ் கிடக்கிறது. அங்கங்கே பொத்தல். மோட்டாரைப் போட்டதும் ஒவ்வொரு பொத்தலிலும் முழ உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் ஒரு பொத்தலை விரலால் அடைத்தேன். பக்கத்துப் பொத்தலில் தண்ணீர் எகிறியது. அதையும் அடைத்தேன். மூன்றாவதுக்குக் கை போனபோது வரப்பிலிருந்து மாமா சத்தம் போட்டார்: "எல்லாத்தையும் அடைக்காத மாப்ள, அங்கிட்டு ஹோஸ் புடுங்கிரும்!"

புடுங்கத்தான் செய்தது. வெளியே போக விடாவிட்டால் தண்ணீர் வேறு வழி தேடும். இந்த ஒரு குணத்தை வைத்து ஒரு வாத்தியமே செய்திருக்கிறார்கள். பெயர் ஹைட்ராலோஃபோன். உருவாக்கியவர் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் மான். உடம்பில் அணியும் கம்ப்யூட்டர்களுக்காகப் பெயர் பெற்றவர். அதே ஊரில், ஒன்டாரியோ அறிவியல் மையத்தின் வாசலில் 2006-ல் பெரிதாக ஒன்றை வைத்தார்கள். நனைந்துகொண்டே வாசிக்கிற நீரூற்று.

பார்க்க ஒரு தடித்த குழாய், மேலே வரிசையாகத் துளைகள். யாரும் தொடாதவரை தண்ணீர் துளை வழியே வெளியே போய்விடும், ஸ்வரம் எதுவும் கேட்காது. விரலை வைத்தால், தண்ணீர் அந்தத் துளைக்கென்று உள்ளே இருக்கும் கிளைக்குத் திரும்புகிறது. ஒலி எழுப்பும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. புல்லாங்குழலில் இருப்பது ஒரே காற்றுத் தம்பம். விரல்கள் அதன் நீளத்தைத்தான் மாற்றுகின்றன. இதில் துளைக்கொரு தனி உறுப்பு. அதனால் பல விரல் வைத்தால் பல ஸ்வரம் சேர்ந்தே ஒலிக்கும்.

சரி, தண்ணீர் எப்படி ஸ்வரமாகிறது? பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது சுழல் வழி. ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி இருந்தால், அதன் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். அந்தத் துடிப்புதான் காதுக்கு ஸ்வரம். ஆடிக் காற்றில் கரண்டுக் கம்பி 'ஙொய்' என்று முனகுவதும் இதனால்தான். கணக்கும் லேசானது: வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, சுமார் 0.2-ஆல் பெருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கம்பி, நொடிக்கு 2 மீட்டர் ஓட்டம் என்றால் நொடிக்கு 200 அதிர்வு. வேகம் பாதியானால் 100, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே.

விரலை மெதுவாக அழுத்தினால் கிளைக்குள் வேகமும் மெதுவாகத்தான் ஏறும், ஒலியும் வழுக்கிக்கொண்டே வரும். நாயனக்காரர் துளையைப் பாதி மூடிக் கமகம் பிடிப்பதற்கு இது நெருக்கம். ஆர்மோனியக் கட்டையில் இந்த வித்தை நடக்காது. 12 துளை வகையில் வழக்கமாக இருக்கும், மேற்கத்திய இசையின் மைனர் ஸ்வர வரிசை நமக்கு நடபைரவி ராகம். மூன்றாவது துளையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதுவே சங்கராபரணம்!

ஜலதரங்கத்தை இதற்குச் சொந்தமாக்கக் கூடாது. அங்கே பாடுவது கிண்ணத்தின் சுவர். தண்ணீர் அதற்குப் பாரம். ஊற்ற ஊற்ற அதிர்வு மந்தமாகிச் சுருதி இறங்கும். குழாயடியில் குடம் நிறையும்போது நேர்மாறு: உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஒலி மேலேறும். அடுப்படியில் நின்றபடி 'குடம் நிறைஞ்சிருச்சு' என்று சொல்லிவிடுகிற காது எங்கள் அம்மாவுக்கு உண்டு.

இந்தச் சுழல் வகையில் ஒரு சிக்கல். சுருதி தண்ணீரின் வேகத்தைப் பிடித்துத் தொங்குவதால், சாயங்காலம் வோல்டேஜ் குறைந்து மோட்டார் திணறினால் ராகமும் சேர்ந்து இறங்கிவிடும். மாமாவிடம் இதைச் சொன்னேன். ஹோஸின் பொத்தலுக்கு டியூப் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"மோட்டார்ல எதுக்கு வாசிக்கிறான்? மேல ஒரு தொட்டியக் கட்டி அதுலருந்து விடச் சொல்லு."